தக்காளி மண்டித் தராசில் ஒரு கண்டக்டர்

ஓடும் பேருந்தில் பயணிகள் நின்றுகொண்டிருந்தாலும், முன் படிக்கட்டிலிருந்து பின் படிக்கட்டு வரை தடையின்றி நடமாடக்கூடியவராக நடத்துநர் இருக்க வேண்டும் என்பது எங்கள் போக்குவரத்துக் கழகத்தின் நிலையாணைகளில் ஒன்று. எடையைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. உயரம் பற்றி உண்டு. கண் பார்வை பற்றி உண்டு. காக்கிச் சட்டையின் பித்தான்களுக்கு ஒரு முழுப் பத்தியே உண்டு. விதியை எழுதியவர் ஒல்லியான மனிதராக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் தர்மபுரிப் பக்கத்து டெப்போ ஒன்றில் நான் பணியாளர் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். அந்த விதிக்குள் வருவாரா வரமாட்டாரா என்று சொல்ல முடியாத ஒரு கண்டக்டர் எங்களிடம் இருந்தார். தர்மபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளி போய்த் திரும்பும் வண்டி அவருடையது. அவர் பேருந்துக்குள் நடந்து வந்தார் என்று சொன்னால் அது மிகை. பக்கவாட்டில் திரும்பி, டிக்கெட் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, “கண்டக்டர் வர்றாரு, எல்லாரும் மூச்சை உள்ள இழுங்க!” என்று கூவுவார். நிற்கிற அத்தனை பேரும் வயிற்றை எக்குவார்கள். அவர் கடந்து போனதும் “வுடுங்க!” என்பார். எல்லோரும் ஒருசேர மூச்சு விடுவார்கள். முதல் முறை ஏறியவர்கள் திகைத்துப் போவார்கள். தினமும் வருகிறவர்களுக்கு அது பழகிப்போய், அவர் பார்வை பட்டதுமே வயிறு தானாக உள்ளே போய்விடும். தடையின்றி நடமாடினார் என்றே கொள்ள வேண்டும். தடைகள்தான் அவருக்காக ஒதுங்கின.

டெப்போவுக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் டாக்டர் அதை ஏற்கவில்லை. அவர் கொண்டுவந்த தராசு நூறு கிலோ வரைதான் காட்டும். நம்மவர் ஏறி நின்றதும் முள் விறுவிறு என்று ஓடி, கடைசியில் இருந்த ஆணியில் இடித்து நின்றது. டாக்டர் குனிந்து பார்த்தார். தராசைக் கையால் தட்டினார். முள் அசையவில்லை.

“மூணு மாசம் டைம் தர்றேன், உங்களைப் பாக்க மட்டும் திரும்ப வருவேன்” என்றார் டாக்டர். “அடுத்த தடவை முள்ளு ஆணியைத் தொடக்கூடாது. தொட்டா ரூட்டு கிடையாது, டிக்கெட் ரூம்தான்.”

டிக்கெட் ரூம் என்பது கம்பி போட்ட ஒரு ஜன்னல். காலையில் கண்டக்டர்கள் வரிசையில் வந்து டிக்கெட் கட்டுகளை வாங்கிப் போவார்கள், மாலையில் கணக்கு ஒப்படைப்பார்கள். ஐம்பத்தைந்து வயதில் அந்த நாற்காலி கிடைத்தால் மற்றவர்கள் டெப்போ முழுக்க லட்டு கொடுத்திருப்பார்கள். இவர் என் மேசைக்கு வந்து நின்றார். முகம் செத்துக் கிடந்தது.

“கம்பிக்குப் பின்னாடி உக்காந்தா என்னை யாருங்க சார் பாக்க வருவாங்க? அம்பது கண்டக்டருங்க வருவானுங்க. அவனுங்க மூஞ்சியப் பாத்துக்கினே நான் ரிட்டயர் ஆவணுமா?”

“அப்ப சாப்பாட்டைக் குறைங்க” என்றேன். எளிதான யோசனை. சொல்வதற்கு.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவியே டெப்போவுக்கு வந்துவிட்டார். விவசாயக் குடும்பத்துக் கத்தோலிக்கர். கழுத்தில் ஜெபமாலை, கையில் கணவருடைய டிபன் டப்பா. டப்பாவை என் கோப்புகளின் மேல் வைத்துத் திறந்தும் காட்டினார்.

“பாத்துக்கங்க சார். காலையில ஒரு களி உருண்டை, கீரைக் கடைசல். மத்தியானத்துக்கு மோரு, ஒரு முள்ளங்கி. இதைத் தின்னுட்டு ஒரு ஆளு இப்பிடி ஊதுவாரா? எல்லாம் ரூட்டுல தின்றதுங்க. வூட்டுல நான் கட்டிக் குடுக்கறது சும்மா சம்சாரங்கற மரியாதைக்குத்தான்.”

அந்தம்மா சொன்னது உண்மை. மாரண்டஹள்ளி நிறுத்தத்தில் கன்னடம் பேசும் பூக்காரம்மா ஒருவர் இருந்தார். வண்டி நின்றதும் “ஊட்டா ஆய்த்தா கண்டக்டரே?” என்று சாப்பாட்டை விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மந்தார இலையில் மடித்த ஒப்பட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துவிடுவார். பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிய, நெய் சொட்டுகிற ஒப்பட்டு. அடுத்து புளியங்கொட்டாய் நிறுத்தம். அங்கே கூடை ஏற்றும் தக்காளிக்காரம்மாவின் பங்கு, வெல்லம் போட்டு எண்ணெயில் பொரித்த கச்சாயம். அப்புறம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரின் வடை. போக ஒன்று, வர ஒன்று. பயணிகளிடமிருந்து பணியாளர் அன்பளிப்பு பெறக்கூடாது என்று விதி இருக்கிறதே என்று ஒரு முறை நினைவுபடுத்தினேன். “தின்னு முடிச்சதுக்கு அப்பறம் அது அன்பளிப்புங்களா சார்?” என்று கேட்டார். விதிநூலைப் புரட்டிப் பார்த்தேன். அதற்குப் பதில் இல்லை.

தவக்காலத்தில் அவர் நிலைமை இன்னும் மோசம். நாற்பது நாளும் புலால் தொடமாட்டார். அதைக் கேள்விப்பட்ட வழித்தடம் முழுவதும் அவர்மேல் இரக்கப்பட்டு இனிப்பை இரட்டிப்பாக்கிவிடும். அவருடைய மருத்துவக் கோப்பையும் சீருடைக் கணக்கையும் சேர்த்துப் புரட்டியபோது ஒன்று கண்டேன்: ஈஸ்டர் முடிந்து பரிசோதனை நடந்த வருடங்களில்தான் அவர் சட்டை அளவு மாறியிருந்தது. விரதத்தால் பருத்த ஒரே கிறிஸ்தவர் என்று நான் சொன்னபோது சந்தோஷமாகத் தலையாட்டினார்.

“அவ்வளவு பசியா உங்களுக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பசி எடுத்து நான் எப்பங்க தின்னேன்? பசி எடுக்கறதுக்கு எங்க விடறாங்க?” என்றவர், பையிலிருந்து கையை எடுத்து என் முன் நீட்டினார். “காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இந்தக் கைய நீட்டினாலே ஜனங்க மூஞ்சியச் சுளிக்கறாங்க சார். சில்லறை இல்லன்றான். முந்தின ஸ்டாப்பிங்லயே எறங்கியிருக்கணும்ன்றான். குழந்தைக்கு எதுக்கு டிக்கெட்டுன்றான், குழந்தைக்கு மீசை இருக்குது. அந்த மூணு பேருதான் நான் நீட்டறதுக்கு முந்தியே அவங்களா கைய நீட்டறாங்க. அதைப் போயி எப்பிடி வேணாம்னு சொல்றது?”

இருந்தாலும் சொல்லிப் பார்த்தார். ஒரே நாளில் மூன்று பேரிடமும் வேண்டாம் என்றார். பூக்காரம்மா, “நான் என்னா தப்புப் பண்ணன்?” என்று கண் கலங்கினார். தக்காளிக்காரம்மா, “போன வாரம் கூடைக்கு லக்கேஜ் கேட்டப்ப ரெண்டு வார்த்தை கூடப் பேசிப்புட்டன். அதை இன்னமும் மனசுல வெச்சிக்கினு இருக்கறீங்களா?” என்றார். டீக்கடைக்காரர் எழுந்தே விட்டார். “என் கடை வடை ஊசிப்போச்சுன்னு எவன் சொன்னான்? ஆளைக் காட்டுங்க!”

“டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட வேண்டியதுதானே?” என்றேன்.

“எடை ஜாஸ்தின்னா சிரிப்பாங்க சார்.”

“உங்களைப் பார்த்தாலே தெரியுமே!”

“அவங்க பாக்கறது வேற. நான் வாயத் தொறந்து சொல்றது வேற.”

மறுநாளிலிருந்து அவர் வேறு ஒரு நடைமுறையைக் கையாண்டார். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது, தெரிந்ததும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பூக்காரம்மாவின் ஒப்பட்டை வாங்கிக்கொள்வார். பாலக்கோட்டில் “உங்களுக்குன்னே வாங்கியாந்தேன்” என்று டீக்கடைக்காரரிடம் கொடுப்பார். அவர் கொடுத்த வடை திரும்பும்போது புளியங்கொட்டாயில் தக்காளிக்காரம்மாவுக்குப் போகும். தக்காளிக்காரம்மாவின் கச்சாயம் மாரண்டஹள்ளியில் பூக்காரம்மாவுக்கு. எல்லோருக்கும் மகிழ்ச்சி. கண்டக்டருக்கு எவ்வளவு நல்ல மனசு என்று மூன்று ஊரிலும் பேச்சு. வழித்தடம் முழுக்க ஆட்களுக்கு எடை கூடியது, அவருக்கு மட்டும் இறங்கியது.

இறங்கியதை அளந்தது மாரண்டஹள்ளி தக்காளி மண்டியின் மேடைத் தராசு. டாக்டருடைய தராசு ஆணிக்கு மேல் பேசாது என்பதால், வண்டி நிற்கும் அரைமணி நேரத்தில் வாரம் ஒருமுறை ஆள் இல்லாத வேளையில் மண்டிக்குப் போய் ஏறி நிற்பார். மண்டிக் கணக்கர் பழக்கதோஷத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிடுவார். சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார். முதல் சீட்டு: “சரக்கு: தக்காளி. எடை: 112.” ஒன்றரை மாதம் கழித்து வந்த சீட்டு: “சரக்கு: தக்காளி. எடை: 104.” எடையளவு ஆய்வாளர் முத்திரை போட்ட தராசு அது. சட்டப்படி பார்த்தால் டாக்டர் கொண்டுவந்ததைவிட உயர்ந்த சான்று. எல்லாச் சீட்டையும் வாங்கிக் கோப்பில் போட்டு வைத்தேன்.

கெட்டது ஒரு முடிச்சால். பூக்காரம்மா பொட்டலங்களையும் பூக்கட்டுகிற வாழை நாரால், பூக்கட்டுகிற விதமாகவே சுற்றி முடிச்சுப் போடுபவர். ஒரு நாள் டீக்கடைக்காரர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்க் கடை பூட்டியிருந்தது. ஒப்பட்டை என்ன செய்வது என்று தெரியாமல், திரும்பும் வழியில் தக்காளிக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டார். அவர் அதைத் தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டு, மண்டிக்குப் போவதற்கு அதே வண்டியில் ஏறி, மாரண்டஹள்ளியில் இறங்கி, நல்ல மனதோடு பூக்காரம்மாவிடமே நீட்டினார்.

“இந்தாக்கா, தின்னு. கண்டக்டர் எனக்குன்னு தேடிப்புடிச்சி வாங்கியாந்தாரு.”

பூக்காரம்மா பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நாரை விரலால் தடவிப் பார்த்தார்.

“எங்க வாங்கினாராம்?”

“பாலக்கோட்டுல.”

“இது காலையில நான் போட்ட முடிச்சு” என்றார் பூக்காரம்மா. பிறகு படிக்கட்டில் நின்றவரைப் பார்த்து, “ஏனுங்க கண்டக்டரே, என் ஒப்பட்டு டிக்கெட்டு வாங்கிக்கினு ஊரு சுத்திட்டு வந்துச்சா?” என்று கேட்டார். வண்டி முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலைக்குள் பாலக்கோடு வரைக்கும் செய்தி போய்விட்டது. யார் வடை யார் வாய்க்குப் போனது என்று மூவரும் சரிபார்த்துக்கொண்டார்கள். மறுநாள் முதல் ஒருவரும் கை நீட்டவில்லை. வண்டி ஏறினால் டிக்கெட்டுக்குச் சரியான சில்லறை கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய தண்டனை ஒரு கண்டக்டருக்கு இல்லை. பேச்சுக்கே வழி இருக்காது.

நான் மனதுக்குள் நிம்மதி அடைந்தேன். இனி எடை தானே இறங்கும் என்பது என் கணக்கு. பத்து நாள் கழித்து வந்த சீட்டில் தக்காளி 108 ஆகியிருந்தது.

ஒரு மத்தியானம் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், பழைய டயர்கள் அடுக்கிய இடத்தில் அவரைக் கண்டேன். மடியில் ஒரு பை நிறைய பன்னு. ஒன்றை வாயில் திணித்துக்கொண்டு அடுத்ததைக் கையில் தயாராக வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்று, டயருக்குள் மாட்டிக்கொண்டார்.

“பணி நேரத்தில் உணவருந்த கேன்டீன் மட்டுமே ஒதுக்கப்பட்ட இடம்” என்றேன், கை கொடுத்துத் தூக்கியபடி.

“கேன்டீன்ல பாப்பாங்களே சார்.” சட்டையில் இருந்த தூளைத் தட்டினார். “இதுல ருசியும் இல்ல ஒண்ணும் இல்ல. அவங்க குடுத்தப்ப எல்லாம் நான் நைசாத் தள்ளி வுட்டுட்டேன், ஒண்ணும் தெரியல. இப்ப குடுக்க ஆளில்ல. கை பாட்டுக்குப் போயி வாங்கிக்கினு வந்துருது. நானே எனக்குக் குடுத்துக்கறேன். எத்தனை குடுத்தும் பத்த மாட்டேங்குது.”

சாப்பாட்டைப் பற்றி நான் படித்த எந்தக் குறிப்பிலும் இந்த வகை இல்லை. “போய் உண்மையைச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொன்னேன். சொல்லமாட்டார் என்றும் தெரியும்.

சொல்ல வைத்தது தராசுதான். அந்த வியாழக்கிழமை வேறொரு வண்டியைப் பற்றி வந்த புகாரை விசாரிக்க நானும் மாரண்டஹள்ளி போயிருந்தேன். நம்மவர் மண்டித் தராசில் ஏறி நிற்க, கணக்கர் எடைக்கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார். கூடைக்குப் பணம் வாங்க வந்த தக்காளிக்காரம்மாவும் கூட வந்த பூக்காரம்மாவும் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“என்னாங்க கண்டக்டரே” என்றார் தக்காளிக்காரம்மா, “உங்களை யாரு ஏலம் எடுக்கறது?”

மேடையிலிருந்து இறங்கவும் முடியாமல், கையில் டிக்கெட் பையும் இல்லாமல், அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டாக்டர், முள், ஆணி, மூன்று மாதம், கம்பி ஜன்னல். சொல்லி முடித்துவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் திட்ட ஆரம்பித்தார்கள்.

“இதை முன்னாடியே சொல்றதுக்கு உனக்கு என்னா கேடு?” தக்காளிக்காரம்மாவின் பேச்சில் மரியாதை போய்விட்டது. “வேற கண்டக்டர் வந்தா என் கூடையத் தூக்கி ஏத்துவானா?”

“கையில குடுக்கறதுதானே உனக்கு வேணும்?” என்றார் பூக்காரம்மா. “அதை வாயில போட்டே ஆவணும்னு யாரு சொன்னது?”

அடுத்த நாளிலிருந்து பலகாரம் நின்றது, கொடுப்பது நிற்கவில்லை. ஒரு கட்டு கீரை, இரண்டு முருங்கைக்காய், ஒரு முழம் கனகாம்பரம் என்று கையில் வந்து விழுந்தது. டீக்கடைக்காரர் சர்க்கரை இல்லாத டீயைப் போட்டு, “குடிச்சித் தொலைங்க” என்று அன்போடு நீட்டினார். வாராவாரம் எடை போடும்போது பெண்கள் இருவரும் உடனிருந்து சீட்டை வாங்கிப் படித்தார்கள். ஏறியிருந்தால் ஏச்சு. இறங்கியிருந்தால் அதைவிடப் பெரிய ஏச்சு, இன்னும் ஏன் இறங்கவில்லை என்று. அவர் மனைவி ஒருநாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: “வூடே சந்தை மாரி இருக்குது சார். தினமும் பூவோட வர்றாரு. அக்கம்பக்கத்துல என்னை ஒரு மாரி பாக்கறாங்க.”

பரிசோதனைக்கு முந்தின நாள் மண்டிச் சீட்டு 100 காட்டியது. மறுநாள் அதே டாக்டர், அதே தராசு. முள் ஓடியது. தயங்கியது. மிக மெதுவாகப் போய் ஆணியைத் தொட்டது. டாக்டர் “டிக்கெட் ரூம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

“நேத்து ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்றேன்.

அவர் சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டார். “நாளைக்குப் பரீச்சை, வெறும் வயித்தோட போவாதன்னு பூக்காரம்மா ஒரு ஒப்பட்டு குடுத்துது சார். தள்ளி வுட்டுருக்கலாம். தின்னேன். சீட்டுல உக்காந்து, மெல்ல மெல்ல, முழுசாத் தின்னேன்.” அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. “இத்தனை வருசமா அதைத் தின்னுருக்கேன். அதுல ஏலக்காய் போடுவாங்கன்னு நேத்துதான் சார் தெரிஞ்சுது.”

அவரைப் போகச் சொல்லிவிட்டு டைப்ரைட்டரில் தாளைச் செருகினேன்.

தலைமை அலுவலகத்துக்கு ஒரு தெளிவுரை கோரி எழுதினேன். நிலையாணையில் எடை பற்றிக் குறிப்பு ஏதும் இல்லை; தடையின்றி நடமாடுதல் என்பதே நிபந்தனை; மேற்படி நடத்துநரின் நடமாட்டத்தால் தடையுற்றதாகப் பயணிகள் எவரும் இதுவரை புகார் அளிக்கவில்லை; ஆகவே டாக்டரின் பரிந்துரை நிலையாணைக்கு உட்பட்டதா என்று தெளிவுபடுத்த வேண்டும். தெளிவுரை கோரப்பட்ட பொருளில் பதில் வரும்வரை இருக்கும் நிலையே தொடரும் என்பது எவரும் மறுக்க முடியாத நடைமுறை. இணைப்புகள் எத்தனை கூடுகின்றனவோ அத்தனை மேசைகளில் கோப்பு தங்கும் என்பது எழுதப்படாத நடைமுறை. மண்டிச் சீட்டுகள் அத்தனையும் இணைத்தேன். டீக்கடைக்காரர் எழுதி, பெண்கள் கைநாட்டு வைத்த மனு ஒன்றையும் இணைத்தேன்.

பதினொரு மாதம் கழித்து ஒரு கேள்வி வந்தது: “இணைப்பில் கண்ட தக்காளி யாருடையது? கழகப் பேருந்தில் ஏற்றப்பட்டதா? லக்கேஜ் வசூலிக்கப்பட்டதா?” தக்காளி நடத்துநரே என்று விளக்கி எழுதினேன். அதற்கு ஒரு வருடம். நடத்துநர் தக்காளி வியாபாரம் செய்ய அனுமதி பெற்றாரா என்று அடுத்த கேள்வி. அதற்கு இன்னும் பத்து மாதம். அவர் பாட்டுக்கு மாரண்டஹள்ளி போய் வந்துகொண்டிருந்தார். மூச்சை இழுக்கச் சொல்லிக் கூவினார், வருடா வருடம் ஆணியைத் தொட்டார். கோப்பு நிலுவையில் இருக்கிறது என்று நானும் வருடா வருடம் டாக்டருக்குத் தெரிவித்தேன்.

அவருடைய ஓய்வுக்கு ஆறேழு வாரம் இருந்தபோது, வெயில் கொளுத்திய ஒரு நாள், தலைமை அலுவலகத்திலிருந்து தடித்த உறை ஒன்று என் மேசைக்கு வந்தது. மேலே சிவப்பு மையில் “உடனடி” என்று இருந்தது. நல்ல செய்திக்கு அவர்கள் அப்படி எழுதுவதில்லை. எந்தத் தபாலும் தேதி முத்திரை குத்திய பிறகே பிரிக்கப்பட வேண்டும் என்பது விதி. அன்றைக்குப் பார்த்து எங்கள் முத்திரையின் தேதிச் சக்கரம் சுற்றவில்லை. பழுது பார்க்க அனுமதி கேட்டு முறைப்படி குறிப்பு வைத்தேன். சாதாரணத் தபால்களுக்குப் பேனாவால் தேதி போட்டுக்கொள்ளலாம். “உடனடி” உறைக்குப் பேனாத் தேதி உகந்ததல்ல என்று எனக்குப் பட்டது.

ஜூன் கடைசி நாளன்று அவர் தன் கடைசி நடையை முடித்து, காக்கிச் சட்டையில் கனகாம்பரத்தோடு டெப்போவுக்குள் வந்து, டிக்கெட் பையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை முத்திரையை எடுத்துப் பார்த்தேன். சக்கரம் சுலபமாகச் சுற்றியது. குத்திவிட்டு உறையைப் பிரித்தேன். மேற்படி நடத்துநரை இக்கடிதம் கண்டவுடன் டிக்கெட் அறைக்கு மாற்றி அறிக்கை அனுப்ப வேண்டும் என்று உத்தரவு.

ஒரு கடிதம் வந்து சேர்ந்த நாள் எது என்பதற்கு அதன் மேல் உள்ள முத்திரை ஒன்றே சான்று. கோப்பை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அது தெளிவாக இருக்கும்: ஜூலை 1.